வெட்டாத வளையல்

வங்கியின் அடகு நகை ஏலத்தில் எடுத்த ஜோடி வளையல்களில் ஒன்றை வியாபாரி வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பு இருந்தது. அதையும் வெட்டாத அதன் ஜோடியையும் வங்கி மேலாளரின் மேசையில் போட்டுவிட்டுப் போனார். அவை அடகுக்கு வந்தபோது உரைத்துப் பார்த்து, தங்கம் என்று கையெழுத்துப் போட்டவர் வங்கியின் நகை மதிப்பீட்டாளர் மாசிலாமணி ஆசாரி. அடகு வைத்தவன் எங்கே என்று தெரியவில்லை.

ஆசாரி கவனக்குறைவாக இருந்தாரா என்றறிய, வேறு கிளையின் மதிப்பீட்டாளரை வரவழைத்து, விவரம் சொல்லாமல், அதுவும் போலியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் வெட்டாத வளையலைக் கொடுத்தார்கள். அவர் கல்லில் உரைத்தார், அமிலம் விட்டார், காதருகே தட்டிக் கேட்டார். "இருபத்திரண்டு கேரட்டு. சந்தேகமே இல்ல" என்றார்.

வங்கியின் வழக்கறிஞர் ஹேமலதா ஆசாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உங்க மேல தப்பு இல்லைங்கய்யா. யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க. ஆனா நகை போலின்னா நஷ்டம் முழுக்க உங்களோடதுன்னு ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"வீட்ட வித்தாவது கட்டிடறேம்மா." ஆசாரியின் பார்வை வளையலை விட்டு நகரவில்லை. "நஷ்டம் என்னுதுன்னா, இது ரெண்டும் எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான். அந்த இன்னொண்ணையும் வெட்டிப் பாருங்கய்யா. ஒருவேளை அது தங்கமா இருந்தா பாதி பாரம் குறையும்."

மேலாளர் கத்தரியை நீட்டினார். ஆசாரி அதன் வாயை வளையலில் வைத்தார். அழுத்தவில்லை.

"செஞ்சவனுக்கு என்ன கைடா!" என்று முணுமுணுத்தவர், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, வளையலை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.