இடது கன்னம்

“இங்க இருந்தது எங்கேம்மா?”

கேட்டுவிட்டு அந்த அம்மா தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கண்ணுக்குக் கீழே தொடங்கி தாடைவரை இறங்கும் பழைய தழும்பு. அவரை வரைந்த படத்தில் அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது.

ஓவியக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. படத்தை வாங்கிப்போக மகன்தான் வருவான் என்று நினைத்திருந்தாள். அவனுக்கு ஆபீஸில் நகர முடியாத வேலையாம், அம்மாவையே அனுப்பிவிட்டான்.

விடுமுறை நெருங்கினால் பரிசுப் படங்களில் அவளுக்கு மூச்சு முட்டும். எதையும் கட்டம் கட்டமாகத்தான் வரைவாள். பென்சில் கோடு, அடி வண்ணம், முகம், கடைசியாகக் கண்ணில் ஒளி. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து அனுப்பி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் அடுத்ததைத் தொடுவாள்.

வாடிக்கையாளர்களுக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. மூக்கை எடுப்பாக்கு, தாடையைக் குறை, மச்சத்தைத் தூக்கு. முகத்துக்குச் சொந்தக்காரரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இந்த மகனும் முகம் முடிந்த கட்டத்தில்தான் போன் செய்தான். தழும்பு வேண்டாமாம். பரிசாகக் கொடுக்கிற படம், பார்த்ததும் மனசு குளிர வேண்டுமாம். அம்மா எப்போதோ மாடிப்படியில் விழுந்ததில் வந்ததாம் அது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றால் வேறு ஆளிடம் போய்விடுவான், இந்த மாதிரி நாலு பேர் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். சரி என்றாள்.

சரி என்றாளே தவிர, வரைந்ததை அழிக்கவில்லை. அடியில் இருப்பது அக்ரிலிக், காய்ந்து இறுகிப்போன முகம். அதன் மேல் எண்ணெய் வண்ணத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு. ஈரம் காய்வதற்குள் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தால் பூச்சு மட்டும் வந்துவிடும். யார் சொன்ன திருத்தத்தையும் அவள் இப்படித்தான் போடுவாள். அவளால் முடிந்த முரண்டு அவ்வளவுதான்.

இப்போது அதை அந்த அம்மாவிடம் சொன்னாள்.

“துடைச்சா உங்க பையன் படத்தைத் திருப்பிக் கொண்டாந்து போட்டுருவாரும்மா.”

அந்த அம்மா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் துணிக்குக் கை நீட்டினார். அவரே துடைத்தார். கை கொஞ்சமும் தயங்கவில்லை. ரோஜா வண்ணம் துணியில் ஏற ஏற, தழும்பு கண்ணுக்குக் கீழேயிருந்து தாடைவரை முழுசாக எழுந்து வந்தது.

ஓவியக்காரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தன் முகத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட முதல் ஆள்.

“இனிமே தினமும் உங்களை நீங்களே பார்த்துக்கலாம்மா,” என்றாள்.

“என்னைப் பார்க்க எனக்குப் படம் எதுக்கு, கண்ணாடி இருக்கே.” அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். “இது என் பையன் அவங்கப்பாவுக்கு வாங்குற பரிசும்மா. என் கன்னத்துல இதைப் போட்டவர் அவர்தான். லீவு முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும்.”

காகிதத்தில் சுற்றித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டு, படத்தை முகம் தெரியவே தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.