டைமர்

தோஹாவிலிருந்து தயாபரன் கைப்பேசியைத் தட்டினால், திருச்சியில் சுகந்தியின் தோட்டக் குழாய் திறந்துகொள்ளும். பேச நேரமில்லாத நாளிலும் தட்டிவிடுவான். குழாய் சீறியதும் அவள் ஓடிப்போய் ஈரப் புல்லில் நிற்பாள். கணவன் தன்னை நினைத்த நொடி அது.

இன்று பிளம்பர் வந்து டைமர் மாட்டினான்.

“சார்தான் போடச் சொன்னாருக்கா. இனிமே அவரு மெனக்கெட வேண்டாம், சாயங்காலமானா தன்னால திறக்கும்.”

“தண்ணி வரலேன்னா?”

“சாருக்கு மெசேஜ் போயிரும்.”

அவன் தெருமுனையைத் தாண்டக்கூட இல்லை. சுகந்தி மொட்டைமாடிக்கு ஏறி, தொட்டியடி வால்வை இறுக்கி மூடிவிட்டு அங்கேயே நின்றாள். பொழுது சாய்ந்தது. கீழே குழாய் காற்றை மட்டும் இருமியது. கைப்பேசி அலறியது.

“என்ன சுகந்தி, தண்ணி வரலையாமே?”

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

“வரலைங்க” என்றாள், வால்வின் மேல் கையை வைத்தபடி. “நீங்களே ஒருதடவை தட்டிப் பாருங்களேன்.”