இன்றைய இடம்

தணிகாசலத்தின் வயிற்றுப் புற்றுநோய் அடுத்து எங்கே பரவும் என்பதைக் குளியலறைக் கண்ணாடி தினமும் காலையில் அவர் மனைவி கோமளவல்லியின் போனுக்கு அனுப்பிவிடும். போன மாதம் கட்டைவிரல் என்றது, அப்படியே ஆனது. இன்று நாக்கு.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இட்லித் தட்டை நீட்டினாள்.

"சட்னியில உப்பே இல்ல. இத மனுஷன் தின்பானா?" என்று ஆரம்பித்தவர், மாடிவீட்டு நாய், தண்ணீர் லாரி, மருமகனின் மீசை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே போனார். அவள் எதிரே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏன் கோமளா, முப்பது வருஷமா வாய மூடுங்கன்னுதான சொல்லுவ? இன்னிக்கு ஏன் சொல்லல?"

அவள் பார்வை கவிழ்ந்து கிடந்த போனுக்குப் போய்த் திரும்பியது. அவருடைய கை மெல்ல வாயருகே போனது.

"பேசுங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம் பேசுங்க."