வெளுத்துப்போன குரூப் போட்டோ

"இது போட்டோவா, சுண்ணாம்பு அடிச்ச சுவரா?"

முதல்வர் படத்தை மேசைமேல் போட்டார்.

நர்சிங் கல்லூரியின் இறுதியாண்டு குரூப் போட்டோ அது. மாணவிகளின் முகங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. கழுத்துக்குக் கீழேதான் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சீருடைகள் ஒரேயடியாக வெளுத்துப் போயிருந்தன. மடிப்பு தெரியவில்லை. பொத்தான் தெரியவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த கல்லூரிச் சின்னத்தையும் காணோம்.

எதிரே நின்றவர் உடற்கூறு பாடம் எடுக்கும் டீச்சர். வருடா வருடம் இந்தப் படத்தை எடுப்பவர் அவர்தான். ஒரு கிளிக்குக்கு முன்னால் ஓராயிரம் தடவை வெளிச்சம் அளப்பார். மாணவிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மீட்டர் டீச்சர்.

"தப்பு என்னோடதுதான் மேடம்."

"உங்களுக்கா தப்பு வரும்? அதைத்தான் என்னால நம்ப முடியல."

பக்கத்தில் கம்ப்யூட்டர் சார் நெளிந்துகொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் டீச்சரிடம் கேமரா கற்றுக்கொள்பவர். குருவையே திருத்தும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"நான் சொல்றேன் மேடம். கேமரா பல விதமா வெளிச்சம் அளக்கும். படம் மொத்தத்தையும் பார்த்து அளக்கலாம். நடுவுல இருக்கிறதுக்கு முக்கியத்துவம் கொடுத்து அளக்கலாம். இல்லேன்னா ஒரே ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கலாம். அதுக்குப் பேரு ஸ்பாட் மீட்டரிங். டீச்சர் அந்த ஸ்பாட்டைக் கொண்டுபோய் ஒரு முகத்துல வெச்சிருக்காங்க. முகத்துக்கு வேணுங்கிற வெளிச்சத்தைக் கொடுத்தா, வெயில்ல நிக்கிற வெள்ளைத் துணி என்னாகும்?"

"என்னாகும்?"

"இந்தக் கதிதான் ஆகும்! ஸ்பாட்டைத் துணியில வெச்சு அளந்து, அதுக்கு மேல கொஞ்சமா வெளிச்சத்தைக் கூட்டணும். மடிப்பு, பொத்தான் எல்லாம் அப்படியே நிக்கும். எனக்கு முதல் வகுப்புலயே டீச்சர் சொல்லிக் கொடுத்த பாடம். இல்லையா டீச்சர்?"

"ஆமா சார். நல்லாவே ஞாபகம் வெச்சிருக்கீங்க."

அது பாராட்டா, குத்தலா என்று சாருக்குப் பிடிபடவில்லை.

முதல்வர் பெருமூச்சு விட்டார். "எடுத்த கையோட கேமராவோட மெமரி கார்டை ஆபீஸ்ல வாங்கிடணும், படத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான்தான். இந்த ஒரு தடவை போகட்டும். கம்ப்யூட்டர்ல போட்டு இருட்டாக்கிச் சரி பண்ணிடுங்களேன்."

"முடியாது மேடம்" என்றார் டீச்சர். "வெளுத்த இடத்துல எதுவுமே பதிவாகல. இனிமே யார் தலைகீழா நின்னாலும் வராது."

"இதைச் சொல்லும்போது உங்க முகத்துல ஒரு வருத்தத்தையும் காணோமே! ஹால் சுவர் முழுக்க நீங்க எடுத்த படங்கள்தான். அந்த வரிசையில இதை எப்படி மாட்டறது? அடுத்த வருஷத்துக்கு நான் வெளியாளைப் பார்த்துக்கிறேன்."

டீச்சரின் கை, தோளில் தொங்கிய கேமராப் பையின் வாரைப் பற்றிக்கொண்டது.

"சரிங்க மேடம்."

"ஹாலுக்குப் படம்தானே வேணும்? கவலையை விடுங்க மேடம்" என்றார் சார். "அதே நேரத்துல ஓரமா நின்னு நானும் என் போன்ல ஒண்ணு எடுத்தேன்."

டீச்சர் திடுக்கிட்டார். "அது... அது இப்ப எதுக்கு சார்?"

"பொறாமைப்படாதீங்க டீச்சர். எல்லாம் நீங்க போட்ட பிச்சைதான்."

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார். மடிப்புகள் கத்தி முனை மாதிரி நின்றன. பொத்தான்களை எண்ணலாம். சின்னத்தில் இருந்த எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது.

"பிரமாதம் சார்! இதையே..."

அவர் விரல் சட்டென்று நின்றது.

படத்தில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் பின்னால் ஒரு மாணவி. நெஞ்சிலிருந்து இடுப்பு வரை, கசக்கித் துவைத்தும் போகாத மங்கலான பழுப்புக் கறை. அதை மறைக்க முயன்று தோற்ற ஒரு கை.

படம் எடுத்த அன்று காலை மைக்கில், 'சீருடையில் சின்னக் கறை இருந்தாலும் படத்தில் நிற்கக் கூடாது' என்று உத்தரவு போட்டவர் முதல்வர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று மதியம் வார்டு சிஸ்டர் போனில் சொன்னது இப்போது காதில் ஒலித்தது. 'காலையில ரத்த வாந்தி எடுத்து சரிஞ்ச நோயாளியை நம்ம மாணவி ஒருத்தி விழாம தாங்கிப் பிடிச்சா மேடம். அதனாலதான் பிழைச்சார்.'

முதல்வர் நிமிர்ந்தார்.

"எல்லாரும் நின்னு தயாரானப்புறம் பின்னால யாரோ ஓடி வந்து நின்ன சத்தம் கேட்டுது. அப்புறம்தானே டீச்சர், நீங்க மறுபடியும் முதல்லேர்ந்து அளக்க ஆரம்பிச்சீங்க?"

"அது... வெயில் மாறிடுச்சு மேடம்."

"வெயில் எங்க டீச்சர் மாறுச்சு?" என்றார் சார். "என் படத்தைப் பாருங்க, வெயில் அப்படியேதான்..."

முதல்வர் போனில் எதையோ இரண்டு தட்டுத் தட்டி அவரிடம் நீட்டினார்.

"ஐயோ மேடம், படத்தைக் காணோமே!"

"கை பட்டுடுச்சு சார், மன்னிச்சுக்கோங்க. டீச்சர், அடுத்த வருஷமும் நீங்கதான் எடுக்கறீங்க."

மேசையில் கிடந்த வெளுத்த படத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து, சாரிடம் கொடுத்தார் முதல்வர்.

"ஹால்ல நடுவுல மாட்டச் சொல்லுங்க. நம்ம காலேஜ்ல இதுவரைக்கும் எடுத்ததுல கறையே இல்லாத படம் இது ஒண்ணுதான்."