கடிகாரம் காட்டிய உடம்பு

கம்பெனி டாக்டர் கணினித் திரையையும், எதிரே கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த துணை மேலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊழியர்களுக்குக் கம்பெனி கொடுத்திருந்த கைக்கடிகாரம் நடை, தூக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அளந்து அவருக்கு அனுப்பிவிடும்.

"நடை பிரமாதம் சார். ஆனா தூக்கம் படுமோசம். ராத்திரியில எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க!"

"நானா?"

"விடியறதுக்கு முன்னாடியே ஓட்டம். சாப்பாட்டு நேரத்துலகூட உட்கார்ந்ததாத் தெரியலை. தூங்கும்போதுதான் சார் இதயம் வேகத்தைக் குறைச்சு இளைப்பாறும். உங்களோடது இளைப்பாறவே இல்லை. இப்படியே போனா ஒருநாள் பொத்துன்னு விழுந்துடுவீங்க."

"அப்போ எனக்கு வரவேண்டிய மேலாளர் பதவி?"

"இந்த உடம்போடயா? நல்லாத் தூங்கி, நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுங்க. கடிகாரம் சரின்னு காட்டட்டும், நானே கையெழுத்துப் போடறேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் துணை மேலாளர் தன் மனைவி மீது பாய்ந்தார்.

"நடைக்கணக்கு ஏறட்டும்னு கடிகாரத்தை உன் கையில கட்டிவிட்டா, என் பதவிக்கே வேட்டு வெச்சுட்டியே! மாடு மாதிரி நடக்கத் தெரியுது, மனுஷி மாதிரி தூங்கத் தெரியலையா? உட்கார்ந்து தின்னா என்ன?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"டாக்டரே சொல்லிட்டாரா?"

"ஆமா!"

கையைக் கழுவிக்கொண்டு, தட்டோடு வந்து நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"மிச்சப் பாத்திரத்தைத் தேய்ச்சுடுங்க. ராத்திரி உங்க அம்மா கூப்பிட்டா நீங்களே எழுந்திருங்க. காலையில சமைச்சுட்டு என்னை எழுப்புங்க. உங்க பதவி விஷயமாச்சே, நான் தூங்கியே ஆகணும்!"