மயிரிழை இடைவெளி

"எலெக்ட்ரானிக் போட்ட வண்டிக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்ன மாப்ள வித்தியாசம்? சுவிட்சைப் போட்டா சுத்தும், அவ்வளவுதானே?" என்றார் மாமனார், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தபடி.

"சுத்துதா இல்லையா, அதைப் பாருங்க மாமா. நான் போட்டு மூணு வருஷமாச்சு, மூடியைத் திறந்தே பார்க்கலை. நீங்க என்னடான்னா வாராவாரம் பாயிண்ட்ஸைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"தேய்க்கிறதுலதானே சுகமே இருக்கு. பாயிண்ட்ஸ் நடுரோட்டுல மக்கர் பண்ணினாலும் ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தா வீடு வந்து சேர்ந்துடலாம். உங்க டப்பா செத்துப்போச்சுன்னா? தள்ளிக்கிட்டுத்தான் வரணும்."

இருவரிடமும் இருப்பது ஒரே வகைப் பழைய பிரிட்டிஷ் பைக்தான். மாமனாருடையது கறுப்பு, மாப்பிள்ளையுடையது பச்சை. பிளக்கில் பொறி வரவைக்கப் பழைய பாயிண்ட்ஸ் போதும் என்பது மாமனார் கட்சி; அதைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் டப்பா மாட்டுவதே மேல் என்பது மாப்பிள்ளை கட்சி. எப்போது சந்தித்தாலும் இந்த வழக்கு நடக்கும். சோறு ஆறிப்போகுமே தவிர, தீர்ப்பு வராது.

மகளுக்கு இன்றைக்கு அதையெல்லாம் கேட்கப் பொறுமையில்லை. அப்பா வீட்டு ஷெட் வாசலுக்கும் வண்டிக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். வந்ததுமே உருவிக்கொண்ட கறுப்பு வண்டியின் சாவி அவள் கைக்குள் இருந்தது. அப்பாவிடமே கொடுப்பதா, கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவதா? தன் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே இதே குடைச்சல்.

"பேச்சை மாத்தாதீங்கப்பா. பக்கத்து வீட்டு கேட்டைப் போய் இடிச்சீங்களா இல்லையா?"

"பிரேக் கேபிள் அறுந்துபோச்சும்மா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"உங்களுக்குக் கண்ணு சரியா தெரியலைன்னு அவங்க சொல்றாங்க."

"அவங்க என்ன கண் டாக்டரா?"

"கண் டாக்டர்கிட்ட போலாம்னா அதுக்கும் வரமாட்டேங்கிறீங்க. அப்பா, போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்கு. யாரு என்ன சொல்லப் போறாங்களோன்னு தோணுது. பெத்தவங்கன்னு எனக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

மாப்பிள்ளைக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், சாவியைப் பிடுங்கினால் இந்த மனுஷர் மூலையில் உட்கார்ந்துவிடுவார். அதனால் இரண்டு பக்கமும் பொதுவாகத் தலையை ஆட்டிவைத்தான்.

"சரி, டாக்டர் எதுக்கு? இங்கேயே பார்த்துடலாம்" என்றார் மாமனார். "பாயிண்ட்ஸ் கேப் எவ்வளவு இருக்கும் மாப்ள, உங்க பொண்டாட்டிக்குச் சொல்லுங்க."

"நாலஞ்சு தலைமுடியைச் சேர்த்து வச்ச அளவு இருக்கும்."

"அதை இப்போ நான் வச்சுக் காட்டறேன். கேப் தப்பாப் போச்சுன்னா வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் இருமும். ஒரே உதையில கிளம்பினா சாவி எனக்கு. இல்லைன்னா நீயே எடுத்துட்டுப் போ, வாயைத் திறக்க மாட்டேன். இவ்வளவு சின்ன இடுக்கைப் பார்க்கிறவனுக்கு எதிர்ல வர்ற லாரி தெரியாதா?"

மகள் கணவனைப் பார்த்தாள். "இது சரிதானாங்க?"

"சரிதான். எனக்கெல்லாம் கண்ணாடி போட்டாலும் அது ஒரு தடவையில அமையாது."

மாமனார் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்ஜின் ஓரத்தில் இருந்த வட்ட மூடியைக் கழற்றினார். பாயிண்ட்ஸ் என்பது இரண்டு சின்ன முனைகள்; அவை தொட்டுத் தொட்டு விலகும்போதுதான் பிளக்கில் பொறி பறக்கும். அந்த விலகல்தான் கேப்.

மாப்பிள்ளை ஆசையாகக் குனிந்தான்.

"வெளிச்சத்தை மறைக்காதீங்க மாப்ள. அங்கேயே நில்லுங்க."

அகலமான முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து உப்புத்தாள் உரசும் சத்தம் வந்தது. பிறகு 'ஃபூ' என்று ஊதினார். மெல்லிய அளவுத் தகட்டை உள்ளே விட்டார். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி விட்டுப் பார்த்தார். மகள் நகத்தைக் கடித்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். அவர் தோற்க வேண்டுமா ஜெயிக்க வேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ம், சாவியைப் போடு" என்று மூடியை மாட்டிவிட்டு எழுந்தார்.

அவள் சாவியைப் போட்டுத் திருகினாள். அவர் ஓங்கி ஒரு உதை உதைத்தார்.

வண்டி கிளம்பிவிட்டது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. மாப்பிள்ளை தன்னை மறந்து கைதட்டினான். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சாவி அதுலயே இருக்கட்டும்பா" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"சாயந்திரம் கடைத்தெருவுக்குப் போகலாம். என் பின்னாடி உட்காருவியா, இல்லை பயமா?"

"இனிமே என்ன பயம்?"

சாயந்திரம் பொழுது சாய்கிற நேரத்தில் அப்பாவும் மகளும் கறுப்பு வண்டியில் கிளம்பினார்கள். மாப்பிள்ளைக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாக வாதாடியதெல்லாம் ஒரே உதையில் போயிற்றே! பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மாமனாரின் மெக்கானிக்கிடம் போனான்.

"இதுல இருக்கிற எலெக்ட்ரானிக்கைக் கழட்டிட்டு பாயிண்ட்ஸ் மாட்டிக் கொடுங்க. எங்க மாமா வண்டியில இருக்கே, அதே மாதிரி."

"எந்த மாமா?"

"கறுப்பு வண்டிக்காரர்."

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரா? கேப் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குதுன்னு போன வருஷமே பாயிண்ட்ஸைத் தூக்கிப் போட்டுட்டு எலெக்ட்ரானிக் மாட்டிக்கிட்டுப் போனாரே சார்!"