முதல் தட்டு

ஜப்பானில் அந்த மலையூர்ப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் என் காலில் விருந்தாளிகளுக்கான பச்சைச் செருப்புதான்.

மற்ற எல்லோருக்கும் பள்ளிக்குள்ளே போட, பெயர் எழுதிய உள்காலணி உண்டு. முதல் வகுப்புப் பொடிசுகளுக்குக்கூட.

மதியம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைத் துடைக்கும்போது நானும் ஒரு துணியை எடுப்பேன். யாராவது ஓடிவந்து பணிவாக வாங்கிக்கொள்வார்கள். "நீங்க உக்காருங்க, சென்செய்." ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆசிரியர் கூட்டத்தில் தேநீர் முதலில் எனக்குத்தான் வரும். கேள்வி ஒன்றும் வராது.

யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிலிப்பீன்ஸில் எங்கள் வீட்டில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. பட்டம் வாங்கி வந்த அன்றும், மரிவிக், போய்த் தண்ணீர் கொண்டுவா என்றுதான் சொன்னார்கள்.

தலைமை ஆசிரியர் அன்று நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மாலை திரும்பியதும் அவரிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். நான் ஊருக்குப் போகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் பாடவேளையில் எனக்கு வகுப்பு இல்லை. துணைத் தலைமை ஆசிரியை ஓகிவாரா ஒரு சாப்பாட்டுத் தட்டோடு ஆசிரியர் அறையில் என் மேசைக்கு வந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் சிவந்திருந்தன.

"எனக்குப் பயங்கரச் சளி. மூக்கு அடைச்சு, நாக்கும் செத்துப்போச்சு. மத்தவங்க எல்லாரும் வகுப்புல இருக்காங்க. இன்னைக்கு மட்டும் நீங்க..." என்று சொல்லி, ஒரு சொல்லில் முடித்தார்.

அந்தச் சொல்லின் பின்பாதி எனக்குத் தெரியும். சாப்பாடு. முன்பாதி புரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. புரியாத எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல இதற்கும் சரி என்றேன்.

அவர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அங்கே யாரும் எனக்கு அவ்வளவு குனிந்ததில்லை.

சோறு, சுட்ட கானாங்கெளுத்தி, மூங்கில் குருத்து, மிசோ சூப், பால். பிள்ளைகளுக்குக் கொடுப்பதேதான். ஆனால் சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது.

இன்றைக்கும் விருந்தாளிதான் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு நேரமும் போயிற்று.

ஓகிவாரா எதிரில் உட்கார்ந்து, நான் மெல்லுவதையே பார்த்தார்.

"எல்லாத்துலயும் சாப்பிடணும். பாலையும் விட்டுடாதீங்க. எப்படி இருக்கு?"

"ருசியா இருக்கு."

"எதுவும் வித்தியாசமாத் தெரியுதா?"

"இல்ல. ரொம்ப ருசி."

பாராட்டை இப்படி வற்புறுத்திக் கேட்டு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது.

தட்டு காலியானதும் எழுந்தேன்.

"உக்காருங்க" என்றார். இந்த முறை அதில் பணிவு இல்லை.

உட்கார்ந்தேன். ஆய்வகத்தில் கரைசல் நிறம் மாறுவதற்குக் காத்திருப்பதுபோல அவர் என் எதிரில் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மலை. ஏப்ரல் முடியப்போகிறது, உச்சியில் இன்னும் பனி கரையவில்லை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது.

பரிமாறும் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியுமாக நடைவழியில் வந்தார்கள். எங்கள் அறையைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். தினமும் ஆளை ஆள் இடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள்.

அன்று எங்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். இருந்த அத்தனை கண்களும் என் முகத்தில்.

அப்படி ஒரு அமைதியை நான் எந்த வழிபாட்டிலும் கேட்டதில்லை.

சுசுனே உள்ளே வந்தாள். ஆறாம் வகுப்புக்காரி. என் பாடத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவள். தொப்பியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"சென்செய், வயித்த வலிக்குதா?"

"இல்லையே."

"தலை சுத்துதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல."

"நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். வாசலில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"சுசுனே!" என்று ஓகிவாரா அதட்டினார்.

அவள் அதற்குள் திரும்பிவிட்டாள். "சென்செய் சாகலடா! வாங்க, வாங்க, சூப்பு ஆறிடும்!"

வாசல் கலைந்தது. சமையலறைப் பக்கம் தள்ளுவண்டிகள் கடகடவென்று உருளத் தொடங்கின.

நான் நாக்கை உள்ளே இழுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. ஓகிவாரா என்னைப் பார்த்தார். அவர் நெற்றி வெளுத்தது.

"சென்செய்... நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குப் புரிஞ்சுதுதானே? சரின்னு சொன்னீங்களே."

"பின்பாதி மட்டும்தான் புரிஞ்சுது" என்றேன்.

அவர் எழுந்தார். மன்னிப்புக் கேட்கக் குனிந்தவருக்கு இருமல் வந்துவிட்டது. பேச முடியவில்லை.

வாசலிலேயே நின்றிருந்த சுசுனேதான் பதில் சொன்னாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக.

"சாப்பாட்டுல ஏதாவது கெட்டது இருந்தா எங்களுக்கு வரக்கூடாதுல்ல? அதனால எங்க பள்ளிக்கூடத்துப் பெரியவங்க ஒருத்தர் முன்னாடியே சாப்பிட்டுப் பார்ப்பாங்க. தினமும் தலைமை ஆசிரியர். இன்னைக்கு நீங்க."